போகாதே என்று சொல்லாத எச்சரிக்கை

அருப்புக்கோட்டையை நடுவாக வைத்து வடக்கே காரியாபட்டி, தெற்கே பந்தல்குடி, கிழக்கே திருச்சுழி, நரிக்குடி என்று விரியும் மானாவாரிச் சீமையில், வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் வாசலில் நின்று சொல்லப்படும் கடைசி வார்த்தைகளுள் ‘சூதானம்’ பெரும்பாலும் தவறாது. வேலைக்குப் போகும் மகனிடம் தாய் ‘சூதானமாப் போயிட்டு வாய்யா’ என்பார். கைக்குழந்தையோடு பஸ் ஏறும் மகளிடம் ‘பிள்ளையச் சூதானமாப் பாத்துக்க தாயி’ என்பார். ஊருக்குப் புறப்படும் பெரியவரிடம் இளையவர்கள் ‘சூதானமாப் போயிட்டு வாங்க’ என்று மரியாதை சேர்த்துச் சொல்வார்கள். மதுரை, விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கை, தேனி வட்டாரங்களுக்குப் பொதுவான இச்சொல் உரைநடைத் தமிழுக்குள் பெரிதாக நுழைந்துவிடவில்லை. கதைகளிலும் திரைப்பட உரையாடல்களிலும் ஒருவர் தெற்கத்தி ஆள் என்பதைக் காட்டும் முத்திரையாகவே அது தலைகாட்டுகிறது. அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு நிலத்தின் நெடிய வரலாறு இருக்கிறது.

தமிழில் எச்சரிப்பதற்குச் சொற்பஞ்சம் இல்லை. ஆயினும் அவற்றுள் பல வெளியிலிருந்து வந்தவை, வந்த வழியின் வாடையை இன்னும் சுமப்பவை. ‘எச்சரிக்கை’ தெலுங்கின் வழியே வந்தது. அரசனோ உற்சவ மூர்த்தியோ எழுந்தருளும்போது முன்னே நின்று பாடப்பட்ட ஒரு பாட்டு வகைக்கே அது பெயராயிற்று. ‘உஷார்’ பாரசீகத்தில் பிறந்து உருதுவின் வழியே படைவீரர் பேச்சிலும் பின்னர்ப் போலீஸ் பேச்சிலும் தங்கியது. அரபு மூலமுடைய ‘தாக்கீது’, நவாபு ஆட்சியிலும் அதன்பின் கும்பினி ஆட்சியிலும் கச்சேரியிலிருந்து குடிகளுக்கு வந்துசேர்ந்த கண்டிப்பான உத்தரவைக் குறித்தது. ‘ஜாக்கிரதை’ என்பது வடமொழியில் விழித்திருத்தலைச் சுட்டும் சொல்; இன்று அது வீட்டு மதிற்சுவரில் நாயோடு சேர்த்து எழுதப்படுகிறது. இச்சொற்கள் எல்லாம் தனித்து நின்று ஒலிக்க வல்லவை என்பதும், குரலைச் சற்று உயர்த்தினால் மிரட்டலாகிவிடக் கூடியவை என்பதும் கவனிக்கத்தக்கன.

சூதானத்துக்கு அந்த வசதி இல்லை. அதை வைத்து ஒருவரையும் மிரட்ட முடியாது. விரலை நீட்டி ‘சூதானம்!’ என்று ஒருவர் கத்தினால் கேட்பவர் பயப்படுவதற்குப் பதில் சிரிப்பார். பேச்சில் இச்சொல் பெரும்பாலும் ‘சூதானமா’ என்று வினையடையாகவே வருகிறது. ஒரு வினைச்சொல்லின் தோளைப் பற்றிக்கொண்டுதான் அது நடக்கும். அந்த வினையோ, கேட்பவர் முன்பே செய்யத் துணிந்துவிட்ட செயலாக இருக்கும்: போ, வா, ஏறு, இறங்கு, பிடி, வை, பேசு. ‘ஏறாதே’, ‘இறங்காதே’ என்னும் விலக்கு வினைகளோடு அது சேர்வதில்லை. ஆகவே இது தடுக்கும் எச்சரிக்கை அன்று. செயலை ஒப்புக்கொண்டு, அதனுள் இருக்கும் ஆபத்தையும் ஒப்புக்கொண்டு, செய்கிறவரோடு கூடவே போகும் எச்சரிக்கை. தடுக்க வழியில்லாத ஒரு நிலத்தில்தான் இப்படிப்பட்ட சொல்லுக்கு இவ்வளவு வேலை இருந்திருக்க முடியும்.

பொருள் விரிவும் அந்தப் போக்கிலேயே அமைந்திருக்கிறது. காசைச் சூதானமாக வைத்துக்கொள் என்னும்போது அது பத்திரம். சூதானமாகச் செலவழி என்னும்போது அது சிக்கனம். மாமியார் வீட்டில் சூதானமாக நடந்துகொள் என்னும்போது அது பதவிசு. ‘சூதானமாப் பொழச்சுக்கிட்டான்’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, பாராட்டோடு ஒரு துளி பொறாமையும் கலந்த சாமர்த்தியம். ஒலியில் இதற்கு நெருங்கி நிற்கும் ‘சுதாரிப்பு’ வேறானது: கால் இடறிய பிறகு நிலைகொள்வது சுதாரிப்பு, இடறுவதற்கு முன்னரே தரையைப் பார்ப்பது சூதானம். இவ்வட்டாரத்தார் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

சொல்லின் பிறப்பைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லாமல் பேச முடியாது எனினும், ‘சாவதானம்’ என்னும் வடசொல்லின் பேச்சுத் திரிபாக இதைக் கொள்வதே ஏற்புடையது. அவதானம் என்பது கவனம். கவனத்தோடு கூடியது சாவதானம். ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் மனத்தை நிறுத்திக் காட்டும் சதாவதானம் என்னும் கலை இந்த அவதானத்தின் பெயரால் வழங்கியதே. கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் அதை நிகழ்த்திச் சதாவதானி என்று புகழ்பெற்றார். ஈழத்துத் தமிழர் இன்றும் ‘அவதானமாக இருங்கள்’ என்றே எச்சரிக்கின்றனர். மராத்தியில் ‘சாவதான்’ அணிவகுப்பில் நேராக நிற்கச் சொல்லும் கட்டளை. திருமண மந்திரத்தின் முடிவிலும் அச்சொல் ஒலிக்கும். 17ஆம் நூற்றாண்டுத் துறவி சமர்த்த இராமதாசர் மணப்பந்தலில் அதைக் கேட்ட மாத்திரத்தில் விழித்துக்கொண்டு ஓடிவிட்டார் என்பது மராட்டியர் விரும்பிச் சொல்லும் கதை. தமிழ் எழுத்து வழக்கிலோ ‘சாவதானம்’ வேறு திசையில் நழுவி, அவசரம் இல்லாமை என்னும் பொருளை அடைந்தது. ‘சாவதானமாக எழுந்து வந்தார்’ என்றால் அவர் கவனமாக வந்தார் என்று இன்று எவரும் எண்ணுவதில்லை. கன்னடத்தில் இவ்விரு பொருளும் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன.

யவனர் என்னும் பெயர் சோனகர் என்றாகும் அளவுக்கு இடை வகரம் கரைந்துபோவதைத் தமிழ் கண்டிருக்கிறது. ஆனால் ‘சாவ’ என்பது ‘சூ’ என்று குறுகியதை ஒலி விதியால் மட்டும் விளக்கிவிட முடியாது. பொருளால் நெருங்கிய ‘சூது’ என்னும் சொல் அதைத் தன் பக்கம் இழுத்திருக்கக் கூடும். பிறரது சூது அறிந்து நடப்பது சூதானம் என்று மக்களே விளக்கம் சொல்லிக்கொள்வதும், சொல்லுக்குள் சாமர்த்தியம் என்னும் பொருள் ஏறியிருப்பதும் இந்த ஊகத்துக்குத் துணை நிற்கின்றன. நாயக்கர் காலம் முதல் தெலுங்கு பேசும் குடியானவர்களும், கன்னடம் பேசும் தேவாங்க நெசவாளர்களும், தமிழ் பேசும் பல சாதியினரும் ஒரே தெருமுனைக் கிணற்றில் நீர் எடுத்த ஒரு சீமையில் ஒரு சொல் உருமாறுவதற்கு ஒரே காரணம் தேடுவதும் அவ்வளவு பொருத்தம் அன்று. அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள பாலவநத்தத்தின் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார்; அச்சங்கம் பெரிய சொல்லகராதி ஒன்றை அச்சிடவும் செய்தது. அவருடைய ஜமீன் ஊர்களின் வாசல்களில் நாள்தோறும் புழங்கியிருக்கக் கூடிய இத்தகைய சொற்கள் புலவர் உலகின் கண்ணில் மதிப்புப் பெற மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கெனவே தனி அகராதி தொகுத்து 1982இல் வெளியிட்ட பிறகுதான், வட்டாரச் சொல் என்பது கொச்சை என்னும் எண்ணம் சற்றே தளர்ந்தது.

சொல் பிற்காலத்ததாயினும் அது செய்யும் வேலை தமிழுக்குப் பழையது. தொல்காப்பியம் வேற்றுமையை விளக்கும் இடத்தில் ‘ஓம்படைக் கிளவி’ என்று ஒன்றைக் குறிக்கிறது. பாதுகாத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தும் சொல் என்பது அதன் பொருள். அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, வழியில் புலி இருப்பதை நினைவூட்டி, அதனிடமிருந்து காத்துக்கொண்டு வரும்படி ஒருவரிடம் சொல்லும் தொடர். புலி நடமாடும் வழியாயிற்றே, வராதே என்று அத்தொடர் சொல்லவில்லை. மலைபடுகடாம் கூத்தரை நன்னனிடம் வழிப்படுத்தும்போது, வழுக்கும் பாறை எங்கே, எந்த இடத்தில் கொடியைப் பற்றிக்கொண்டு இறங்க வேண்டும், விலங்குக்கு வைத்த பொறி எங்கே இருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போவதும் இந்த வகைப்பட்டதே. இதற்கு நேர்மாறான மரபும் இருந்தது. கோயில்களுக்கு விடப்பட்ட நிலத்தையும் விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளையும் பதிவுசெய்யும் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்பவர் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என்னும் பொருளில் சாபம் பொறிக்கப்பட்டது. யார் என்று தெரியாத வருங்கால மனிதருக்குக் கல் சொல்லும் எச்சரிக்கைக்குச் சாபத்தின் பலம் தேவைப்பட்டிருக்கிறது. முகம் தெரிந்தவருக்கு வாய் சொல்லும் எச்சரிக்கைக்கு அது தேவைப்படவில்லை.

இச்சீமையின் நிலத்துக்கு வருவோம். கரிசலும் செவலும் கலந்த இந்தப் பூமிக்கு மழையின் பெரும்பங்கை வடகிழக்குப் பருவக்காற்றே தருகிறது; ஐப்பசி, கார்த்திகை பொய்த்தால் அந்த ஆண்டு பொய்த்தது. மேற்கு மலையடிவாரத்தில் புறப்பட்டுத் திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகக் கடல் நோக்கிப் போகும் குண்டாற்றில் ஆண்டில் சில நாள் மட்டுமே நீர் ஓடும். அந்தச் சில நாளில் மேற்கே பெய்த மழைக்கு இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும் என்பதால், வறண்ட மணலைக் கடப்பதற்கும் சூதானம் வேண்டியிருந்தது. சுந்தரர் பதிகம் பெற்ற திருச்சுழியல், பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்துப் பூமிக்குள் புகச் செய்த தலம் என்று புராணம் கூறுகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல் மட்டும் கிடக்கும் ஓர் ஆற்றங்கரை ஊர், நீர்ச்சுழியின் பெயரைத் தாங்கி நிற்பது இந்த நிலத்துக்கே உரிய குறும்பு எனலாம்.

கண்மாயில் நீர் நின்ற மாதங்கள் போக, மற்ற நாட்களில் தோட்டப்பயிர் கிணற்றை நம்பி இருந்தது. மின்சார மோட்டார் வருவதற்கு முன் கிணற்று நீரை மேலே கொணர்ந்தது கமலை. இரண்டு மாடுகளின் நுகத்தடியில் கட்டிய வடக்கயிறு கிணற்றின் மேலிருந்த உருளையில் ஏறி இறங்கிக் கூனை என்னும் பெரிய வாளியைத் தூக்கும். கூனையின் அடியிலிருந்து தொங்கும் தோற்குழாயை வால் என்பார்கள். அதன் முனையை மெல்லிய வால்கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். மாடுகள் சரிவுப் பாதையில் இறங்கும்போது இறைப்பவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து தன் எடையையும் இழுப்புக்குக் கொடுப்பார். கூனை மேலே வந்ததும் வால் விரிந்து தண்ணீர் வாய்க்காலில் விழும். பிறகு மாடுகள் பின்னடியாகவே சரிவில் ஏறிக் கிணற்று விளிம்புக்குத் திரும்ப வேண்டும். பின்னடி வைக்கும் மாட்டுக்கு முதுகில் கண் இல்லை. விளிம்பில் கைப்பிடிச் சுவரும் இல்லை. ஓர் அடி மிஞ்சினால் மாடும் நுகமும் ஆளும் கிணற்றுக்குள் போக வேண்டியதுதான்; வடம் அறுந்தால் அதன் மேல் உட்கார்ந்திருப்பவர் சரிவில் தூக்கி எறியப்படுவார். விடியலுக்கு முன்பே தொடங்கிப் பொழுது ஏறும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தவரிடம், கஞ்சி கொண்டுவந்த மனைவி இறைக்காதே என்றா சொல்லியிருக்க முடியும்? அதே கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்தபோது நிலைமை வேறு. அங்கே திரி பற்றியதும் நாலா திசையும் கேட்கக் கூவி ஆட்களை விலக்கினார்கள். விலக முடிந்த ஆபத்துக்குக் கூவலும் விலக முடியாத ஆபத்துக்குச் சூதானமும் என்று இரண்டு ஏற்பாடுகள் ஒரே கிணற்றடியில் இருந்தன.

நிலம் போதுமான அளவு விளையாதபோது மக்கள் வண்டி கட்டினார்கள். பருத்தி, மல்லி, மிளகாய், கருப்பட்டி ஆகியவை மாட்டுவண்டிகளில் ஏறி ஊரூராகப் போன 19ஆம் நூற்றாண்டில், இரவுப் பயணமும் வழிப்பறியும் ஒன்றையொன்று தொடர்ந்தன. பாளையக்காரர் காலத்தில் தேசகாவல், தலங்காவல் என்னும் வரிகளைப் பெற்றுக்கொண்டு வழிக்கும் ஊருக்கும் பொறுப்பேற்ற காவல் முறை இருந்தது. களவு போனால் மீட்டுத் தருவதோ ஈடு கொடுப்பதோ காவல்காரரின் கடமை. பாளையக்காரரை அடக்கிய கும்பினி அந்த வரிகளையும் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டது. 1803இல் இராமநாதபுரம் நிரந்தர ஜமீனாக்கப்பட்டது. ஆனால் பழைய காவலின் இடத்தில் வைக்கப்பட்ட புதிய போலீஸ் வெகுகாலம் பெயரளவிலேயே இருந்தது. காவல் காத்த குடும்பங்கள் வருவாய் இழந்தன. காணாமற்போன மாட்டைத் துப்புக்கூலி கொடுத்து மீட்கும் வழக்கம் தனியாக வளர்ந்தது. இதன் முழுப் பழியையும் சில சாதிகளின் மேல் சுமத்தி, அவர்களைப் பிறவிக் குற்றவாளிகளாக எழுதிவைத்த குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நீக்கப்பட்டது. காவல் வருமானத்தைப் பிடுங்கிய கை எது என்பதை அச்சட்டம் கேட்கவில்லை.

இந்தச் சூழலில்தான் தெற்கேயிருந்து வடக்கு நோக்கி வந்த நாடார் வணிகர்கள் பேட்டைகளைக் கட்டினார்கள். பேட்டை என்பது சுவர் சூழ்ந்த, பெரிய கதவுடைய, வண்டியும் மாடும் சரக்கும் ஆளும் இரவில் தங்குவதற்கான வளாகம். இராமநாதபுரத்து ஆறு ஊர்கள் என்று பெயர்பெற்ற சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகியவற்றுள் கடைசி இரண்டும் இச்சீமையின் உள்ளேயே அடுத்தடுத்து இருப்பவை. பேட்டையில் இறங்கும் சரக்குக்கு இவ்வளவு என்று வணிகர் தாமே விதித்துக்கொண்ட ‘மகமை’ என்னும் தொகை, முதலில் பேட்டையின் பராமரிப்புக்கும் காவலுக்கும், பின்னர்க் கோயிலுக்கும், அதன் பிறகு அவர்களின் சாதிச் சங்கமாகிய உறவின்முறை நடத்திய பள்ளிக்கூடங்களுக்கும் போயிற்று. தனி ஒருவருக்கு வாசலில் சொல்லப்பட்ட சூதானம், ஒரு சமூகத்தின் அளவில் சுவராகவும் கதவாகவும் கணக்கேடாகவும் ஆனதற்கு இதைவிடத் தெளிவான சான்று இவ்வட்டாரத்தில் இல்லை. அந்தச் சுவர்கள் எல்லா நேரத்திலும் போதவில்லை. 1897இல் கமுதிக் கோயில் நுழைவிலும் 1899இல் சிவகாசிக் கலவரத்திலும் வெடித்த பகை அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்களையும் விட்டுவைக்கவில்லை.

திருச்சுழியில் அக்காலத்தில் வக்கீலாக இருந்த சுந்தரம் ஐயர் இரவில் வண்டியில் போனபோது வழிப்பறிக்காரர்களும் அவரென்று அறிந்ததும் விட்டுவிடுவார்கள் என்று ரமண மகரிஷியின் வரலாறுகள் கூறுகின்றன. ஒருவரைத் தொடாமல் விட்டதே சொல்லி வைக்கத்தக்க செய்தி என்றால், மற்றவர்களின் பயணம் எப்படி இருந்திருக்கும் என்பது எளிதில் விளங்கும். பின்னாளில் ரமணர் எனப்பட்ட அவருடைய மகன் வேங்கடராமன் 1879இல் அதே ஊரில் பிறந்து, 1896இல் மதுரையிலிருந்து மூன்று ரூபாயோடு ஒரு கடிதத்தை எழுதிவைத்துவிட்டு ஒருவரிடமும் விடைபெறாமல் திருவண்ணாமலைக்குப் போனார். எவரும் வாசலில் சூதானம் சொல்லி அனுப்பாத பயணங்கள் இச்சீமையின் வரலாற்றில் அபூர்வம். கிளம்புகிறவரை ‘எங்கே போற’ என்று கேட்பதும் பின்னாலிருந்து கூப்பிடுவதும் ஆகாது என்பது பழைய வழக்கம். கிளம்புகிறவரும் ‘போறேன்’ என்னாமல் ‘போயிட்டு வர்றேன்’ என்பார். இத்தனை விலக்குகளுக்கு நடுவே, கவலையைச் சொல்வதற்கு அனுமதிக்கப்பட்ட ஒரே சொல்லாகச் சூதானம் மிஞ்சியது. அது அபசகுனம் ஆவதில்லை.

தாது வருஷப் பஞ்சம் என்று பேர்பெற்ற 1876–78 பஞ்சத்துக்கு முன்னும் பின்னும், இராமநாதபுரத்துக் குடிகள் கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்கும், கப்பலேறிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனார்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பிய தமிழர் பலர் வழியிலேயே மாண்டனர். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இலங்கையிலிருந்து தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், தாங்கள் பார்த்தறியாத பூர்வீகத்துக்கு அனுப்பப்பட்டன. அவர்களோடு வந்த ‘அவதானம்’ இங்கிருந்த ‘சூதான’த்தைச் சந்தித்தபோது, பிரிந்துபோன இரண்டு உறவினர் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டது போன்றதாகத்தான் இருந்திருக்கும்.

ஊரிலேயே தங்கியவர்களின் தொழில்களிலும் இச்சொல்லுக்கு ஓய்வில்லை. அருப்புக்கோட்டையில் சாலியரும் தேவாங்கரும் கைத்தறி நெய்த தெருக்களில், வெயில் ஏறுவதற்கு முன் பாவு விரிக்கப்படும். தறியில் ஏறப்போகும் நீளவாட்டு நூல்கள் தெருவின் இரு முனைக்கும் இழுத்துக் கட்டப்பட்டு, கஞ்சி தோய்க்கப்பட்டு, இழை இழையாகப் பிரித்து உலர்த்தப்படும். அந்த நேரத்தில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தாலும், குடத்தோடு வரும் பெண்ணின் தோள் உரசினாலும் அறுந்த இழைகளைத் தேடிப் பிடித்து முடிபோடுவதில் ஒரு நாள் கூலி போய்விடும். எனவே அத்தெருவில் நடப்பதற்குக் குழந்தைகள் சிறுவயதிலேயே பழக்கப்படுத்தப்பட்டார்கள்.

திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் இதனினும் கடுமையான தொழில் ஒன்று வந்துசேர்ந்தது. விறகுக்கென்றும் வேலிக்கென்றும் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம் தரிசையும் கண்மாய்களின் உள்வாயையும் மூடிக்கொண்ட பிறகு, அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பல ஊர்களின் பிழைப்பாயிற்று. வெட்டிய கட்டைகளைக் குவியலாக அடுக்கி, மேலே வைக்கோலோ தழையோ பரப்பி, ஈரமண் பூசி, காற்றுப் போகச் சிறு துளைகள் விட்டு, உள்ளே தீ வைப்பார்கள். கட்டை எரியக் கூடாது, வேக வேண்டும். அதற்குப் பல நாள் ஆகும். பூச்சு எங்காவது வெடித்துக் காற்று மிகுதியாகப் புகுந்தால் உள்ளே கனல் பற்றிக்கொண்டு மொத்தக் கரியும் சாம்பலாகிவிடும். எனவே இரவிலும் ஒருவர் மூட்டத்தைச் சுற்றிவந்து, புகையின் நிறத்தைப் பார்த்து, வெடித்த இடத்தில் மண்ணை அப்ப வேண்டும். உச்சியில் துளை விழுந்தால் மூட்டத்தின் மேலேயே ஏற வேண்டும். கீழே கட்டை வெந்து உள்ளீடற்றுப் போயிருக்கும் இடத்தில் கால் வைத்தால் கணுக்காலோ முழங்காலோ தணலுக்குள் இறங்கிவிடும். அவ்விடத்தில் சொல்லப்படும் ‘சூதானமா ஏறுங்கண்ணே’ என்பதில் சம்பிரதாயம் எதுவும் இல்லை.

மேற்கே சிவகாசியில் 1923இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும் பின்னர் வளர்ந்த பட்டாசுத் தொழிலும் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களை வண்டி வைத்து அழைத்துக்கொண்டன. இருட்டு விலகாத வேளையில் வண்டியேறியவர்களில் ஒரு காலத்தில் சிறுமிகளும் இருந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசித் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் விரிவான தீர்ப்பளித்தது. தொழிற்சாலைச் சுவரில் எழுதப்படும் விதிகளும், ஓர் அறையில் இவ்வளவு பேர், இவ்வளவு மருந்து என்னும் வரம்புகளும் இருந்தும், 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகேயுள்ள முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவ்விடத்தில் இச்சொல்லின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சூதானம் பொறுப்பைப் போகிறவரின் தலையில் வைக்கிறது. விபத்து நடந்தபின் ‘சூதானமா இல்லாமப் போயிட்டான்’ என்று இறந்தவரையே குறைசொல்லவும் அது இடம்கொடுத்துவிடுகிறது. கிணற்றுக்குச் சுவர் எழுப்பாத உடைமையாளரையும் மருந்தை அளவுக்கு மேல் குவித்த முதலாளியையும் நோக்கி இச்சொல் திரும்புவதே இல்லை. மென்மைக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

அரசின் எச்சரிக்கைகள் வேறு வழியில் வளர்ந்தன. கண்மாய் திறப்பு, வரிக்கெடு, கொள்ளைநோய், வெள்ளம் எதுவாயினும் தமுக்கடித்துச் சொல்லும் தண்டோரா முறையே ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. பறையடித்து அதைச் சொல்லும் வேலை ஒரே சாதியின் மேல் கட்டாயமாக விழுந்ததால், அது தேவையில்லை, வண்டியில் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாம் என்று தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2022 ஆகஸ்டில் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு அருப்புக்கோட்டை வழியே போகும் நான்குவழிச் சாலையில் பலகைகள் ‘மெதுவாகச் செல்லவும்’ என்கின்றன. பலகை எழுதுபவர் தெற்கத்திக்காரராகவே இருந்தாலும் அதில் ‘சூதானம்’ என்று எழுதமாட்டார். போகிறவர் யார், அவருக்கு அண்ணனா, தம்பியா, தாயா, மகளா என்று தெரியாமல் சொல்லக்கூடிய சொல் அன்று அது.

அச்சாலையில் பஸ் ஏறித் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் சென்னைக் கடைகளுக்கும், விமானமேறி வளைகுடாவுக்கும் போனவர்களிடம் இப்போது இச்சொல் கைப்பேசியில் போய்ச் சேருகிறது. வாசலில் நின்று சொன்னபோது அதனோடு ‘போயிட்டு வா’ சேர்ந்திருந்தது. போனவர் எப்போது வருவார் என்பது நிச்சயமில்லாத இந்தப் பேச்சுகளில் வினை மாறிவிட்டது. ‘சரி, வச்சுரவா’ என்பதற்கு முன் ஊரிலிருப்பவர் சொல்வது ‘சூதானமா இருந்துக்க’ என்பதே.